இ. இ. என்று எழுதிய நாட்கள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் உங்கள் மகள் வாலுவும் சுகம். அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். அணைக்கட்டுக் காற்று உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, இருமல் நின்றதா என்று முதலில் எழுதுங்கள்.

மலை மறைப்பதால் அங்கே அலைபேசி எடுக்காது, இருக்கிற ஒரே தொலைபேசியும் அணைக்குப் பொறுப்பான உங்கள் பெரியவர் மேஜைமேல்தான் என்று அண்ணன் சொன்னான். எனக்கு வருத்தமே இல்லை. பழைய கையெழுத்துகளைப் படித்துப் பிழைக்கிற நாத்தனாருக்கு, வாரம் இருமுறை ஜீப்பில் வரும் கடிதத்தைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு தலைவலி வந்து சேர்ந்திருக்கிறது. துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டார். நம் பல்கலைக்கழகத்தில் எத்தனை துறைகளில் என்னென்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று உலகத்துக்குக் காட்ட ஒரு மலர் போட வேண்டுமாம். "நீங்கதானே மொழித்துறை? எழுத வரும்ல? எழுதிடுங்க" என்றார். அன்றிலிருந்து படியேறிப் படியிறங்கிக் கொண்டிருக்கிறேன். ஒருவர் வௌவாலின் காதை அளக்கிறார். ஒருவர் சிமெண்ட் கட்டிகளை ஒன்பது வருஷமாக உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார். தொல்லியல் அம்மா உடைந்த பானை ஓட்டில் பதிந்த கட்டைவிரல் ரேகையைக் காட்டி, "இவர் இடதுகைக்காரர்" என்றார், ஏதோ நேற்று பார்த்த ஆளைப்போல. யாருக்கும் அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நம் குடும்பமே தேவலை: அண்ணன் தண்ணீர்ப் பூச்சி, நீங்கள் அணைச் சுவர், நான் செத்தவர்களின் கையெழுத்து, ஆனாலும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

உங்கள் வேலையைப் பற்றி நாலு வரி அனுப்புங்கள். எனக்குப் புரிகிற மாதிரி.

கீழே இருக்கும் கிறுக்கல் வாலுவுடையது. அணைக்கட்டாம். எனக்கு அலமாரி மாதிரி தெரிகிறது.

பிரியத்துடன்,
உங்கள் நாத்தனார்


ஜூன் 15

அன்பு நாத்தனாருக்கு,

இருமல் நின்றது. வலது முட்டி மட்டும் படியிறங்கும்போது பிடிக்கிறது. உனக்கும் வாலுவுக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். அலமாரி இல்லை, அணைக்கட்டேதான். மதகுகளைச் சரியாக ஐந்து போட்டிருக்கிறாள்.

நாலு வரி கேட்டாய். ஒன்று கூடுதலாகத் தருகிறேன். அணைச் சுவரின் வயிற்றுக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு ஒரு சுரங்கம் இருக்கிறது. சுவரில் கசிகிற தண்ணீர் அங்கே ஒரு வாய்க்காலில் சேரும். அதைத் தினமும் அளந்தால் சுவரின் உடல்நிலை தெரியும். நாற்பது வருஷத்து அளவுகளை நான் கணினியில் ஏற்றிக் கணக்கிட்டேன். இந்த வருஷம் எழுபது மீட்டர் வரை தண்ணீர் தேக்கலாம் என்று கையெழுத்திட்டேன்.

எழுபது என்பது முன்பிருந்ததைவிட இரண்டு மீட்டர் அதிகம். இப்போது ஐம்பத்தெட்டில் நிற்கிறது. இருபது வருஷமாகச் சரியான மழையில்லை, அறுபத்திரண்டைத் தாண்டியதே கிடையாது.

உன் மலருக்குப் படம் வேண்டுமென்றால் பழைய கசிவுப் பதிவேட்டிலிருந்து சில பக்கங்களின் நகலை வைத்திருக்கிறேன். முதல் இருபது வருஷம் ஒரே அளவுக்காரர்தான் எழுதியிருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், உனக்குப் பிடிக்கும். சில நாட்களில் எண் போடாமல் "இ. இ." என்று எழுதுவார். 'இயல்பாக இருக்கிறது' என்பதன் சுருக்கம். அந்த இடங்களில் அதற்கு முந்தின நாளின் அளவையே நான் நிரப்பிக்கொண்டேன்.

உன் அண்ணன் போன வாரம் வலைகளோடு வந்துவிட்டான். அணைக்குக் கீழே அரை மைல் தள்ளி, ஆற்றுப் படுகை ஓரத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. அங்கேயே கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கிறான். புருஷன் என்று பேர், பார்க்க வேண்டுமென்றால் நான்தான் இறங்கிப் போக வேண்டும்.

வாலுவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் வை.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? கொடுக்க மாட்டீர்கள், தெரியும். நாங்கள் இருவரும் நலமே. வாலுவுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்துகிறாள்.

எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். தையல்கார அம்மா, தனி ஆள், இரட்டைப் பெண் குழந்தைகள், வாலு வயசு. மூன்றும் சேர்ந்தால் வீடு இரண்டு படும். நான் வகுப்பு முடிந்து வரத் தாமதமானால் அந்த அம்மாவே வாலுவுக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டுவிடுகிறார். "மூணுக்குப் போடறதுல எனக்கென்ன கை தேயுமா?" என்பார்.

பதிவேட்டுப் பக்கங்கள் அழகு. அளவுக்காரர் பொறுமைசாலி, பிடிவாதக்காரர், எழுத்தில் சிக்கனம். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் கையெழுத்து பொய் சொல்லாது.

ஒரு சின்னச் சந்தேகம், சும்மா கேட்கிறேன். பக்கத்தின் இடது ஓரத்தில் 'இறங்கிய நேரம்', 'ஏறிய நேரம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. தினமும் நிமிஷக் கணக்காக எழுதுகிற மனிதர், "இ. இ." என்று போட்ட நாட்களில் மட்டும் இரண்டையும் வெறுமையாக விட்டிருக்கிறார். ஏன்? அளவு இயல்பாக இருந்தாலும் இறங்கித்தானே பார்த்திருக்க வேண்டும்?

எனக்கு உங்கள் வேலை தெரியாது. தொழில் புத்தி, கட்டம் காலியாக இருந்தால் கண் அங்கேயே போகிறது.

இந்தத் தடவைக் கிறுக்கல், ஆடும் பல்.

உங்கள் பண்டித நாத்தனார்


ஜூலை 20

அன்பு நாத்தனாருக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். வாலுவின் பல் விழுந்ததா?

மழை பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு மழையைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று என்று ஜீப்காரர் சொல்கிறார். தண்ணீர் அறுபத்து மூன்றுக்கு வந்துவிட்டது.

உன் அண்ணன் தலைகால் புரியாமல் இருக்கிறான். ஊற்றில் சிவப்புப் புழு கிடைத்திருக்கிறதாம். ஏரி அடியில், வெளிச்சமே படாத சேற்றில் மட்டும் வாழ்கிற ஜாதியாம். "இது இங்க எப்படி வந்துச்சு? கட்டுரை எழுதினா எல்லாரும் ஆடிப்போயிடுவாங்க" என்று குதிக்கிறான். நான் அதை ஒரு பாட்டிலில் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். உயிரோடுதான் இருக்கிறது.

உனக்கு நேரம் இருந்தால் ஓர் உதவி. அந்த அளவுக்காரர் பதிவேட்டைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்க்க முடியுமா? அணை கட்டிய காலத்துப் பழைய தாள்களெல்லாம் உங்கள் நூலகத்தின் அடித்தளத்துக்குத்தான் வந்தன. அவசரம் இல்லை. ஆனால் பார்.

வாலுவுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், விடு, சளி பிடிக்கும்.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு நலம், பல் விழுந்துவிட்டது. நான் நலம் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

நான் கேட்ட சந்தேகத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. அவசரம் இல்லை, ஆனால் பார் என்றீர்கள். உங்களை எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். அவசரம் இல்லாத எதையும் நீங்கள் எழுதுகிறவர் இல்லை. அன்றே அடித்தளத்துக்குப் போனேன்.

பதினொரு நாள் தூசி தின்றேன். நேற்று மத்தியானம் கிடைத்தது. அளவுக்காரர் மேலதிகாரிக்கு எழுதிய விளக்கக் கடிதம். பதிவேட்டில் எண் எழுதாமல் விட்டதற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள். அதே முத்து முத்தான கையெழுத்து. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ஐயா, மேற்படி நாட்களில் சுரங்கம் மார்பளவு நீரால் நிறைந்திருந்தபடியால் உள்ளே இறங்க இயலவில்லை. இனி அவ்வாறான நாட்களில் இ. இ. என்று சுருக்கமாகக் குறித்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்."

ஓரத்தில் சிவப்பு மையில் 'சரி' என்று ஒரு கையெழுத்து.

இறங்க இயலவில்லை, அண்ணி. இயல்பாக இருக்கிறது இல்லை.

அலமாரிச் சந்தில் நின்று நாலு தடவை படித்தேன்.  அவர் இறங்க முடியாமல் நின்ற நாட்களையெல்லாம் உங்கள் கணக்கு நல்ல நாட்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், ஆனால் உங்கள் வாயால் கேட்க வேண்டும். நாங்கள் அந்த அணைக்குக் கீழே, ஆற்றிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறோம்.

பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 9

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை ஜீப் நின்ற இடத்திலேயே படித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதை நேராகச் சொல்கிறேன்.

தவறு என்னுடையது. வேறு யார் தலையிலும் போட முடியாது. பதிவேட்டிலிருந்து எண்களை மட்டும் எடுத்தேன். நேரக் கட்டங்களை நான் பார்க்கவே இல்லை. எனக்கு அவை வேண்டியிருக்கவில்லை. இரண்டு எழுத்துக்கு ஓர் அர்த்தம் தோன்றியது, அது எனக்குச் சௌகரியமாக இருந்தது, யாரையும் கேட்கவில்லை. உன் துறை என் துறையிலிருந்து இரண்டு மாடி கீழே இருந்தது.

நீ முதலில் கேட்டபோதே போய்ப் பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன். தண்ணீர் அறுபத்தாறைத் தாண்டிய நாள் ஒவ்வொன்றிலும் "இ. இ." இருக்கிறது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பதில் போடாமல் இருந்தது அதனால்தான்.

உன் அண்ணனின் புழு அடுத்தது. ஏரியின் அடிச் சேற்றில் இருக்கிற ஜீவன் அணைக்குக் கீழே இருக்கும் ஊற்றில் உயிரோடு வருகிறது என்றால், அது வர ஒரு வழி இருக்கிறது. சுவருக்கு அடியில் தண்ணீர் மண்ணை அரித்துப் பாதை போட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய பாதை என்று யாருக்கும் தெரியாது. இப்போது அறுபத்தைந்து.

பெரியவரிடம் தண்ணீரை இறக்கச் சொன்னேன். என் அறிக்கையை எடுத்து எனக்கே காட்டினார். "எழுபது வரைக்கும் தேக்கலாம்னு சொன்னது நீங்க. ரெண்டு எழுத்தையும் ஒரு புழுவையும் நம்பி ஏரியைக் காலி பண்ணச் சொல்றீங்களா? நான் என்னன்னு மேல பதில் சொல்வேன்?" என்றார். நிபுணர் குழு வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். செப்டம்பர் முதல் வாரம்.

ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே. ஆற்றைக் கடக்க ஒரே பாலம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அதில் ஏறினால் அணை உடையாமலே ஆள் சாவார்கள். நான் தண்ணீரை இறக்க வைக்கிறேன்.

வாலு பத்திரம். நீயும்.

அண்ணி


ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

குழுவுக்காக "இ. இ." பற்றி மூன்று பக்க விளக்கம் எழுதி, எங்கள் துறைத் தலைவர் கையெழுத்தோடு இணைத்திருக்கிறேன். அளவுக்காரரின் கடித நகலும் இருக்கிறது. என் வாழ்நாளில் நான் எழுதிய எதையும் யாரும் அவசரமாகப் படித்ததில்லை. இதையாவது படிக்கட்டும்.

தினமும் வகுப்பு முடிந்ததும் பாலத்துக்குப் போகிறேன். மூன்றாவது தூணில் ஒரு வெடிப்பு இருக்கிறது. தண்ணீர் அதற்கு எவ்வளவு கீழே என்று பார்த்துவிட்டு வருகிறேன். ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம். தெருக்குழாயில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டால்கூட எழுந்து நின்றுவிடுகிறேன். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நிற்கிறேன். பிள்ளைகள் எனக்குக் காதல் என்று பேசிக்கொள்கிறார்களாம், இந்த வயசில்.

மலருக்கு அட்டைப்படம் கேட்கிறார்கள். அணைக்கட்டு நன்றாக இருக்கும் என்கிறார் துணைவேந்தர். நான் வௌவால் போடலாம் என்றேன்.

அந்தச் சுரங்கத்துக்குள் நீங்கள் இறங்காதீர்கள். சத்தியம் பண்ணி எழுதுங்கள். அண்ணனையும் ஊற்றை விட்டு மேலே வரச் சொல்லுங்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 24

அன்பு நாத்தனாருக்கு,

நலம். உன் மூன்று பக்கமும் கிடைத்தது. பெரியவர் படித்தார். முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். ஆனாலும் குழு வரட்டும் என்கிறார்.

நான் சுரங்கத்துக்குள் இறங்குவதில்லை. கவலைப்படாதே.

தண்ணீர் அறுபத்தேழு. உன் அண்ணன் வர மாட்டேன் என்கிறான். புழுவுக்காக இல்லை, இப்போது அவனுக்கும் எல்லாம் தெரியும். "ஊத்துத் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் சுவர் நிக்கும். கலங்கினா மண்ணு போகுதுன்னு அர்த்தம். அதைப் பாக்க ஒரு ஆள் வேணும். எனக்குத்தான் அந்த ஊத்து தெரியும்" என்கிறான். அவன் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 30

அண்ணி,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள். போன தபாலில் ஒன்றும் வரவில்லை. மலைப்பாதையில் மண் சரிந்ததால் ஜீப் தாமதம் என்று தபால் நிலையத்தில் சொல்கிறார்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் நனைந்து காய்ந்திருந்தது. மழையில் நனைந்தால் உறையும் நனைந்திருக்கும். உறையில் ஒரு சொட்டு இல்லை. மடிப்பதற்கு முன்பே தாள் ஈரத்தில் இருந்திருக்கிறது. வரிகள் வலப்பக்கம் சரிகின்றன, மேஜையில் வைத்து எழுதியது இல்லை, தொடையிலோ சுவரிலோ வைத்து எழுதியது. நான் கையெழுத்து படிக்கிறவள். 'இறங்குவதில்லை' என்ற வார்த்தையை நீங்கள் எங்கே நின்றுகொண்டு எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் தூணின் வெடிப்பைத் தொட்டுவிட்டது. எதிர்வீட்டு அம்மா இன்றைக்கு வாசலில் பிடித்துக்கொண்டு, "என்னங்க, முகமே சரியில்ல, உடம்புக்கு முடியலையா?" என்றார். தூக்கம் இல்லை என்றேன்.

பதில் போடுங்கள். ஒரு வரி போதும்.

நாத்தனார்


செப்டம்பர் 5

அன்பு நாத்தனாருக்கு,

நானும் உன் அண்ணனும் உயிரோடு இருக்கிறோம். உன் தெருவில் தண்ணீர் முட்டளவு வந்ததென்றும், ஊரில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லையென்றும் ஜீப்காரர் சொன்னார். உனக்குக் காய்ச்சல், சளி எதுவும் இல்லையே?

நீ படித்தது சரி. சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் எழுதினேன். தினமும் இறங்கினேன். என் தவற்றை நான் அளக்காமல் வேறு யாரை அனுப்புவேன்?

இனி எழுதப்போவதைப் பெரியவரிடம் சொல்லவில்லை. உன் அண்ணனிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் ஒன்று, காலை பத்து மணி. ஜீப்காரர் ஒரு பாட்டில் கொண்டுவந்து நீட்டினார். ஊற்றுத் தண்ணீர். செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. கூட உன் அண்ணன் எழுதிய சீட்டு: "கலங்கிவிட்டது. எவ்வளவு மண் வருகிறது என்று அளக்க ஊற்றுக்குள் இறங்குகிறேன். திற." அவ்வளவுதான்.

பாட்டிலைப் பார்த்ததும் பெரியவர் எழுந்துவிட்டார். குழுவும் வேண்டாம், எதுவும் வேண்டாம், ஐந்து மதகையும் திறங்கள் என்றார். மதகைத் திறந்தால் அந்தப் படுகையில் ஐந்தே நிமிஷத்தில் இரண்டு ஆள் உயரம் தண்ணீர் போகும். அங்கே உன் அண்ணன் இருக்கிறான் என்பது எனக்கும் ஜீப்காரருக்கும் மட்டும்தான் தெரியும். படுகையில் ஆள் இருக்கக் கூடாதென்று பெரியவர் உத்தரவு போட்டிருந்ததால் மறைத்து வைத்திருந்தோம். இப்போதும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் திறக்கத்தான் சொல்லியிருப்பார். சொல்ல வேண்டியதும் அதுதான்.

ஜீப்காரரிடம், "ஓடுங்க, எப்படியாவது இழுத்துட்டு வாங்க" என்றேன். பெரியவரிடம் மதகு மோட்டாரைச் சரிபார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். மோட்டார் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மதகு திறக்கும்போதுதான் சைரன் ஊதும். அதுவரை ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. சுவர் அந்த நேரத்தில் போயிருந்தால் நீ வகுப்பில் நின்றிருப்பாய்.

நாற்பது நிமிஷம். உன் அண்ணன் வலையையும் தூக்கிக்கொண்டுதான் வந்தான். அவன் ஜீப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்த பிறகு விசையைப் போட்டேன்.

உன் கடைசி இரண்டு கடிதங்களில் வாலுவின் கிறுக்கல் இல்லை. அவளை எங்கேயோ மேட்டுக்கு அனுப்பிவிட்டாய் என்று அப்போதே புரிந்துகொண்டேன். கேட்கவில்லை. அவள் அங்கே இல்லை என்று தெரிந்திருந்ததால்தான் என்னால் அந்த நாற்பது நிமிஷம் நிற்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்படியென்றால் கீழே இருந்த உன்னையும் உன் தெருவையும் நான் என்னவென்று நினைத்தேன்? நாலு நாளாக இதே கேள்விதான்.

தண்ணீர் இறங்கிய பிறகு குழு பார்த்தது. சுவருக்கு அடியில் ஒரு வகுப்பறை கொள்ளுமளவு பொந்து. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். அடுத்த வாரம் விசாரணை. என் கணக்குத் தவறு, என் கையெழுத்துத் தவறு, நாற்பது நிமிஷம் தவறு, எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. வாலு நேற்றுத் திரும்பி வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன். என் அண்ணனுக்காகக் காத்திருந்ததற்கு நன்றி சொல்லவும் உட்கார்ந்தேன். இரண்டுமே வரவில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே, ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, வாலுவைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மேட்டு ஊர், மூன்று மணி நேரப் பயணம். எதிர்வீட்டு அம்மா கேட்டதற்கு, பெரியம்மாவுக்குத் துணையாக அனுப்பியிருக்கிறேன் என்றேன். இரட்டைப் பிள்ளைகள் தினமும் சாயந்தரம் வாசலில் வந்து நின்று, "வாலு எப்ப வருவா?" என்று கேட்கும். அடுத்த வாரம் என்பேன். கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஊருக்குச் சொல்லாதே என்றீர்கள். ஒரு வீட்டுக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லை. அந்த இரண்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பெரியம்மா வீட்டில் இடம் இருந்தது. பஸ்ஸிலும் இருந்தது. ஒருத்தியிடம் சொன்னால் பத்து பேருக்குப் போகும், பாலத்தில் நெரிசலாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். வாலு பத்திரமாகப் போய்விட்டாள், அதோடு எனக்கு மற்றது மங்கிவிட்டது. நீங்கள் நாற்பது நிமிஷம் நின்றீர்கள். நான் மூன்று வாரம் நின்றிருக்கிறேன், அதே தெருவில், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

தண்ணீர் தெருவுக்குள் வந்த அன்று அந்த அம்மா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்குத்தான் ஏறி வந்தார். மூன்று பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் துவட்டத் துண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "நல்லவேளை, நம்ம வாலு இங்க இல்ல. இருந்திருந்தா பயந்தே போயிருக்கும் பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு அழுதார், நிம்மதியில். ஆமாம் என்றேன்.

நீங்கள் குழுவுக்கு முன்னால் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறீர்கள். நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, விசாரணை இல்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை. கடக்க வேண்டியது ஒரு தெருதான். பத்தடி அகலம். தையல் இயந்திரச் சத்தம் இங்கே கேட்கிறது. மூன்று தடவை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்